பால் அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனைத் தாள் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் குழந்தைகளுக்குப் பால் சேராமல் போவதைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் போதும், தெரிந்துவிடும் என்று அதில் ஒரு வரி. அதே பக்கத்தின் கீழே ஒரு விளம்பரம்: ஒரே ரத்த மாதிரியில் 200க்கும் மேற்பட்ட உணவுகளுக்கு அலர்ஜி பார்த்துத் தருவார்களாம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொள்வார்களாம். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்துப் படிக்கிற ஒரு தாய் அடுத்து என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மகள் அதைத்தான் செய்தாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் அரசு மருத்துவமனை லேபில் 31 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் ரத்தம் எடுப்பது, டியூபில் உறைய வைப்பது, சுற்றி, மேலே தெளிந்து நிற்கிற நீரான சீரத்தைப் பிரிப்பது, மெஷினில் வைப்பது, வந்த எண்ணைத் தாளில் ஏற்றுவது, இதிலேயே வாழ்க்கையின் பாதி போயிருக்கிறது. ஒரு எண் தாளில் ஏறிவிட்டால் வீட்டில் அதற்கு என்ன மரியாதை வருகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

என் பேரனுக்கு அப்போது 14 மாதம். எட்டு மாதத்திலிருந்து தயிர் சாதம் சாப்பிடுகிறான், ஒரு வயதுக்கு மேல் பசும்பாலும் குடிக்கிறான், வாந்தி இல்லை, தடிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் என்கிற தோல் அரிப்பு மட்டும் வந்து வந்து போகும். இரவில் சொறிந்து சொறிந்து அழுவான், மகளுக்கும் தூக்கம் கிடையாது. அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் யாரோ பாலால்தான் இருக்கும், டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்று ஒரு லேபின் இணைப்பை அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை ஒரு பையன் வந்து ரத்தம் எடுத்துப் போனான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேன், அவள் கேட்கவில்லை, தூக்கம் கெட்டுப்போன தாயை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

ஐந்தாம் நாள் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு வண்ணத்தில் ஒரு பட்டியல் வந்தது. சிவப்பில் பசும்பால், தயிர், கோதுமை, முட்டை வெள்ளைக்கரு, துவரம் பருப்பு, பாதாம், தக்காளி. மஞ்சளில் அரிசி, உருளைக்கிழங்கு. மீதி எல்லாம் பச்சை. சிவப்பில் உள்ளதை ஆறு மாதம் அடியோடு நிறுத்துங்கள், மஞ்சளைக் குறையுங்கள் என்று ஒரு குறிப்பு. டாக்டர் யாரும் குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பொங்கலுக்குத் திருச்சி வந்தபோதுதான் நான் குழந்தையைப் பார்த்தேன். அதற்குள் நாலரை மாதம் ஓடிவிட்டது. பருப்பு கிடையாது, பால் மோர் தயிர் கிடையாது, சப்பாத்தி கிடையாது, முட்டை கிடையாது. கேழ்வரகுக் கஞ்சியும் காய் வேகவைத்த தண்ணீரும் பழமுமாக அவனை ஓட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுறவுச் சங்கத்துப் பால்காரர் வாசலில் மணி அடித்தால் அவன் கை நீட்டுவான், இவள் கதவைச் சாத்துவாள். 14 மாதத்தில் 9.8 கிலோ இருந்த பிள்ளை, 18 மாதம் தாண்டி 9.5 கிலோ. அந்த வயதில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியிருக்க வேண்டும், இவனுக்கு இறங்கியிருந்தது. கரப்பான் மட்டும் அப்படியே இருந்தது.

பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்துப் பார்த்தேன். சிவப்பில் இருந்தது எல்லாம் அவன் தினமும் சாப்பிட்டவை. பச்சையில் இருந்த இறால், நண்டு, காளான், அன்னாசி, எதையும் அவன் பிறந்ததிலிருந்து வாயில் வைத்தது கிடையாது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுத் தேடினால்தான் தெரிகிற எழுத்தில், பரிசோதனை முறை: ஐஜிஜி என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது ஐயா. அவர்கள் பார்த்தது அலர்ஜியே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையிலும் இது வரவில்லை. கிருமி போன்ற வெளிப்பொருள்களை அடையாளம் கண்டு பிடிக்க நம் உடம்பு செய்கிற எதிர்ப்பொருள்களில் ஐஜிஜி என்பது ஒரு வகை, ஐஜிஇ என்பது இன்னொரு வகை. ஒரே எழுத்து வித்தியாசம், வேலையோ முற்றிலும் வேறு. ஐஜிஜி ரத்தத்தில் கொள்ளையாக இருக்கும். நாம் எந்த உணவை அடிக்கடி சாப்பிடுகிறோமோ அதற்கு ஐஜிஜி உண்டாவது இயல்பு. ‘இந்த உணவு எனக்கு அறிமுகமானது’ என்று உடம்பு வைத்திருக்கும் குறிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஐஜிஜி4 என்ற உட்பிரிவு உயர்ந்தால் அந்த உணவை உடம்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றுகூட அர்த்தம் இருக்கலாம். அதனால்தான் என் பேரன் பட்டியலில் அவன் சாப்பிட்டதெல்லாம் சிவப்பாகவும் சாப்பிடாததெல்லாம் பச்சையாகவும் வந்தது. அவன் என்ன சாப்பிடுகிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியும், அதைச் சொல்ல ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஊசியும் குத்தியிருக்கிறார்கள். உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க ஐஜிஜி4 பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் கழகம் 2008லேயே எழுதிவிட்டது, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள சங்கங்களும் அதையே சொல்லியிருக்கின்றன. இத்தனை வருடத்துக்கு அப்புறமும் நம் ஊரில் இது அலர்ஜி டெஸ்ட் என்ற பெயரில் விற்கிறது, உங்கள் பத்திரிகையில் விளம்பரமும் வருகிறது.

அலர்ஜிக்குச் சம்பந்தப்பட்டது ஐஜிஇ. ரத்தத்தில் இது ஐஜிஜியைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு, அதனாலேயே ரொம்ப நாள் யார் கண்ணிலும் படவில்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியும், ஸ்வீடனில் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் என்ற இருவரும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள், 1968ல் உலக சுகாதார நிறுவனம் ஐஜிஇ என்று பெயர் வைத்தது. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇயை ரத்தத்தில் அளக்கிற வழியை 1967ல் ஸ்வீடன்காரர்களே வெளியிட்டார்கள். அப்போது கதிரியக்க அயோடின் வைத்துப் பார்த்தார்கள், இப்போது ஒளிரும் பொருளை உண்டாக்குகிற நொதியை வைத்துப் பார்க்கிறோம். அடிப்படை அதேதான். பால் புரதம் ஒட்டவைத்த சின்னக் கிண்ணத்தில் குழந்தையின் சீரம் சில துளி விட்டால், அந்தப் புரதத்தைப் பிடிக்கிற ஐஜிஇ இருந்தால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கழுவிவிட்டு, ஒட்டியது எவ்வளவு என்று மெஷின் எண்ணிச் சொல்லும். ரொம்ப அழகான முறை, குறையே சொல்ல மாட்டேன். வெறும் வயிறாக வரவேண்டியதில்லை. அரிப்புக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நிறுத்த வேண்டாம். தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனைக்குத்தான் அந்த மருந்தைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். உடம்பெல்லாம் கரப்பான் உள்ள குழந்தைக்குத் தோலில் குத்த இடமே இருக்காது, அங்கே ரத்தப் பரிசோதனைதான் கைகொடுக்கும்.

ஆனால் இந்தச் சரியான டெஸ்டிலும் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அதை லேபில் இருந்தவள் என்ற முறையில் நான்தான் சொல்ல வேண்டும். ஐஜிஇ அளவு 0.35 யூனிட்டுக்கு மேல் வந்தால் பாசிட்டிவ் என்று தாளில் தடித்த எழுத்தில் அடிக்கிறோம். அந்தப் பாசிட்டிவுக்கு அர்த்தம், இந்தக் குழந்தையின் ரத்தத்தில் பாலைப் பிடிக்கிற ஐஜிஇ இருக்கிறது என்பதுதான். பால் குடித்தால் இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகும் என்று அது சொல்லவில்லை. ஐஜிஇ இருந்தும் தினம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஓடி விளையாடுகிற குழந்தைகள் நிறைய. கரப்பான் உள்ள குழந்தைகளிடம் இது சர்வ சாதாரணம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கர்நாடகாவில் பெரியவர்களிடம் நடத்தி 2016ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏதாவது ஒரு உணவுக்கு ரத்தத்தில் ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். அலர்ஜி இருக்கக்கூடும் என்று அறிகுறியோடு சேர்த்துப் பார்த்துச் சொன்னவர்களோ 1.2 சதவீதம். நூறு பேரைத் தெருவிலிருந்து கூப்பிட்டு ரத்தம் எடுத்தால் இருபத்தாறு பேர் தாளில் பாசிட்டிவ் வரும், அதில் ஒருவருக்குத்தான் உண்மையில் அந்த உணவு ஆகாது. மிச்சம் இருபத்தைந்து பேரையும் சாப்பாட்டை விடச் சொல்லலாமா? அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம் 200 உணவுக்கு டெஸ்ட் எடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அவ்வளவு வலை வீசினால் ஏதாவது சிவப்பு விழத்தான் செய்யும்.

எண் பெரிதாக இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. பாலுக்கான ஐஜிஇ 15ஐத் தாண்டினால், இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 5ஐத் தாண்டினால், நூற்றுக்கு 95 பங்கு அலர்ஜிதான் என்று 2001ல் வந்த ஆய்வுகள் சொல்லின. டாக்டர்கள் இன்றைக்கும் அதைச் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் வெளிநாட்டில் அலர்ஜி இருக்குமோ என்ற சந்தேகத்தோடு சிறப்பு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடம் எடுத்தது. ஆரோக்கியமாக இருக்கிற நம் தெருக் குழந்தையிடம் அதே எண்ணை வைத்து அதே முடிவுக்கு வர முடியாது. இன்னொன்று, எண் பெரிதாக இருப்பதால் அலர்ஜி வந்தால் கடுமையாக வரும் என்றும் இல்லை. 2 என்று வந்த குழந்தை மூச்சுத் திணறிப் போகலாம், 20 என்று வந்த குழந்தை வாயைச் சுற்றி நாலு தடிப்போடு நின்றுவிடலாம்.

மொத்த ஐஜிஇ என்று ஒன்று தனியாக எழுதிக் கொடுப்பார்கள், அது இன்னொரு தலைவலி. அதில் பால் என்றோ முட்டை என்றோ எதுவும் கிடையாது, உடம்பில் உள்ள எல்லா ஐஜிஇயும் சேர்ந்த கூட்டுத்தொகை. வயிற்றில் புழு இருந்தால் ஏறும், கரப்பான் இருந்தால் ஏறும், ஆஸ்துமா இருந்தால் ஏறும். ஒரு குழந்தைக்கு 900 வந்தது என்று பால், முட்டை, மீன், வேர்க்கடலை நாலையும் நிறுத்திவிட்டுத் தாளோடு எங்கள் லேபுக்கு வந்து என்னிடம் விளக்கம் கேட்ட ஒரு தகப்பனாரை நான் மறக்கவில்லை. மலப் பரிசோதனையில் அந்தப் பிள்ளைக்கு உருண்டைப் புழு முட்டை இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

சரி, அப்படியானால் பால் அலர்ஜி என்பதே பொய்யா, பணம் பிடுங்க வந்ததா என்று யாராவது கேட்டால், கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்வேன். நான் வேலையில் இருந்தபோது ஆறு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தாய்க்கு வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள், அன்றைக்குத்தான் முதல் முதலாகப் புட்டியில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தட்டுத் தட்டாகத் தடித்து, உதடு வீங்கி, வாந்தி எடுத்து, துவண்டு போய்விட்டது. மாந்தம் என்று வீட்டில் வசம்பு உரசப் போயிருக்கிறார்கள். நல்லவேளையாக ஒரு மாமா ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். வார்டில், கடுமையான அலர்ஜியை அடக்குகிற அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டார்கள், என் கண் முன்னால் குழந்தை நிறம் திரும்பியது. அந்தக் குழந்தைக்கு அப்புறம் பாலுக்கான ஐஜிஇ பார்த்தார்கள், பாசிட்டிவ். அங்கே அந்த டெஸ்டுக்கு முழு அர்த்தம் உண்டு, ஏனென்றால் நடந்த கதை முதலில் இருக்கிறது, எண் பின்னால் வந்து அதை உறுதி செய்கிறது. கதையே இல்லாமல் எண்ணிலிருந்து ஆரம்பித்தால்தான் வழி தவறுகிறது.

இந்த வகைக் குழந்தைகளுக்கு வருடா வருடம் அதே டெஸ்டை எடுத்து எண் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பால் அலர்ஜி வளர வளரப் போய்விடும். பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின், மீதி 20 சதவீதம் திரிந்த பாலின் தெளிநீரில் நிற்கிற புரதங்கள். கேசின் சூட்டுக்கு அசையாது, தெளிநீர்ப் புரதங்கள் நல்ல சூட்டில் உருக்குலையும். அதனால் சில குழந்தைகள் பச்சையாகவோ காய்ச்சியோ பால் குடித்தால் தாங்காது, மாவோடு பிசைந்து அடுப்பில் நன்றாக வெந்த கேக்கோ பிஸ்கெட்டோ தாங்கிவிடும். கேசினுக்கான ஐஜிஇயைத் தனியாகப் பார்த்தால் இதைப் பற்றி டாக்டருக்கு ஒரு அனுமானம் கிடைக்கும். முயற்சி மட்டும் டாக்டர் சொல்லாமல் வீட்டில் செய்யக் கூடாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூத்தும் நடக்கிறது, அதையும் எழுதாமல் விட முடியாது. எங்கள் தெருவில் ஒரு பெண், இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். மலத்தில் சளியோடு கோடு கோடாக ரத்தம். குழந்தை சிரித்துக்கொண்டு எடை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஐஜிஇ பார்த்தார்கள், நெகடிவ். பாலால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், ரத்தம் நிற்கவில்லை. இந்த மாதிரி வருவது ஐஜிஇ வழியாக வருகிற அலர்ஜியே கிடையாது, குடலில் வேறு வழியாக, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தாமதித்து வருவது. இதைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, நூறு முறை எடுத்தாலும் நெகடிவ்தான் வரும். தாய் குடிக்கிற பசும்பாலின் புரதம் துளித் துளியாகத் தாய்ப்பாலில் இறங்கும், அது சில குழந்தைகளின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தப் பெண்ணுக்கு மாமியார் தினம் மூன்று வேளை பால், பால் குடித்தால்தான் பால் ஊறும் என்று. பாசத்தில் செய்வதுதான். அப்புறம் வேறொரு குழந்தை மருத்துவர் பார்த்து, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, நீ மட்டும் பால், தயிர், மோர், நெய், பனீர், பால் சேர்ந்த பிஸ்கெட் எல்லாவற்றையும் மூன்று வாரம் நிறுத்து என்றார். நின்றது. நின்றதோடு விடவில்லை, மறுபடியும் அவளைப் பால் குடிக்கச் சொல்லி, மறுபடி ரத்தம் வருகிறதா என்று பார்த்தார், வந்தது, அதற்கு அப்புறம்தான் பால்தான் காரணம் என்று எழுதினார். திரும்பக் கொடுத்துப் பார்க்கிற இந்த இரண்டாவது படியை நம் வீடுகளில் யாரும் செய்வதில்லை. நின்றுவிட்டதா, அப்போ பால்தான் என்று முடித்துவிடுகிறோம், தானாகவே நின்றிருக்கவும் கூடும். அவளுக்கு அந்த நாட்களில் கால்சியம் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும், பாலூட்டுகிறவளைப் பட்டினி போட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு அப்புறம் சில நாள் பால் குடித்தால் வயிறு உப்பிப் பீச்சுவது வேறு கதை, அது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காததால் வருவது. அதற்கும் ஐஜிஇக்கும் சம்பந்தமில்லை. பசும்பால் ஆகாவிட்டால் ஆட்டுப்பால் கொடு, எருமைப்பால் கொடு என்பார்கள், அந்தப் புரதங்கள் பசும்பால் புரதத்தைப் போலவே இருப்பதால் உண்மையான அலர்ஜிக் குழந்தைக்கு அதுவும் ஆபத்துதான். தெருவில் ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் ஊற்றுகிற கழுதைப்பால் அலர்ஜி விஷயத்தில் கொஞ்சம் தேவலாம் என்றாலும், காய்ச்சாத பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் கிருமி போகும், வேண்டவே வேண்டாம்.

என் பேரன் கதைக்கு வருகிறேன். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றைக்கே ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கொடுக்கவில்லை, கொடுக்காதது எவ்வளவு நல்லது என்று பின்னால்தான் தெரிந்தது. குழந்தை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். கரப்பான் உள்ள குழந்தை தினமும் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது ஐஜிஇ இருந்தாலும் உடம்பு பழகித் தாங்கிக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால் முன்பு இல்லாத கடுமையான அலர்ஜி சில குழந்தைகளுக்குப் புதிதாக வருவது உண்டு என்றார். அதாவது தேவையில்லாமல் பாலை நிறுத்தியதே அலர்ஜியை உண்டாக்கியிருக்கலாம். இதைக் கேட்டு என் மகள் அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

முறையாகப் பாலுக்கான ஐஜிஇ பார்த்தார்கள், 0.62. தாளில் பாசிட்டிவ் என்றுதான் அடித்திருந்தது. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்துவிட்டு, இவன் முன்பு குடித்தபோது ஏதாவது வந்ததா, எத்தனை நிமிடத்தில் வந்தது, நெய் ஊற்றினால், தயிர் கலந்தால் எப்படி, என்று கால் மணி நேரம் கேட்டார். அப்புறம் ஒரு நாள் காலையில் மருத்துவமனையிலேயே வைத்துப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்குத்தான் இது எப்படி நடக்கிறது என்று முழுதாகப் பார்க்கக் கிடைத்தது. முதலில் உதட்டில் ஒரு துளி. இருபது நிமிடம் கழித்து அரை ஸ்பூன். ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாடி, மூச்சு, தோல் பார்த்து, கடைசியில் ஒரு கப் வரை. பக்கத்துத் தட்டில் குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு அட்ரினலின் தயாராக எடுத்து வைத்திருந்தார்கள், ஒரு நர்ஸம்மா அவனை விட்டு நகரவே இல்லை. முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவன் கப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத் தூங்கிப்போனான். உணவு அலர்ஜி உண்டா இல்லையா என்பதற்கு உலகம் முழுக்கக் கடைசித் தீர்ப்பு இந்தப் பரிசோதனைதான், இதற்கு மெஷின் கிடையாது, பாதி நாள் பொறுமையும் தெரிந்த ஆட்களும்தான் வேண்டும்.

கரப்பானுக்குத் தினம் இரண்டு வேளை மேல்பூச்சு ஒழுங்காகப் போடச் சொன்னார்கள், கொஞ்ச நாள் களிம்பு தந்தார்கள். இப்போது முழங்கை மடிப்பில் மட்டும் லேசாக இருக்கிறது. எடை 11 கிலோவைத் தொட்டுவிட்டான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தக் கட்டுரையின் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள், அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில். ஐஜிஜி வைத்துப் பார்க்கிற பட்டியல்களை அலர்ஜி டெஸ்ட் என்று சொல்லி வருகிற விளம்பரத்தை வாங்கும்போது விளம்பரப் பிரிவு ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கட்டும், வருமானம் போனாலும் பரவாயில்லை. லேப் நடத்துகிறவர்களுக்கும் என் கோரிக்கை உண்டு, அவர்கள் என் தொழில்காரர்கள், உரிமையோடு கேட்கிறேன்: ஐஜிஇ தாளின் முதல் பக்கத்தில், எண்ணுக்குப் பக்கத்திலேயே, தமிழில், ‘இந்த எண்ணை மட்டும் வைத்து உணவை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் காட்டவும்’ என்று ஒரு வரி அடியுங்கள். ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்ய என்ன செலவாகும்? பாக்கெட் உணவின் மேல் பால் இருந்தால் பால் இருக்கிறது என்று எழுத வேண்டும் என்று 2020 உணவு லேபிள் விதியே சொல்கிறது, பரிசோதனைத் தாளுக்கும் அந்த நேர்மை வேண்டாமா?

அரசுக்கு ஒன்று. பால் கொடுத்துப் பார்க்கிற அந்தப் பரிசோதனையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில், வாரத்தில் ஒரு நாள் என்று வைத்து, எந்த நாள் என்று வாசலில் எழுதிப் போட்டால், சந்தேகத்தோடு மாதக்கணக்கில் பாலை நிறுத்தி வைத்திருக்கிற எத்தனையோ வீடுகளுக்கு ஒரு காலைப் பொழுதில் விடை கிடைத்துவிடும். உண்மையாகவே அலர்ஜி உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு அட்ரினலின் மருந்தை ஆம்பூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து ஊசியில் எப்படி எடுப்பது, தொடையின் வெளிப்பக்கத்தில் எப்படிப் போடுவது என்று அங்கேயே கற்றுக்கொடுக்கலாம். வெளிநாட்டில் பேனா மாதிரி தயாராக வருகிற ஊசி நம் ஊர் மருந்துக் கடையில் எளிதில் கிடைப்பதில்லை.

என் மகளுக்கு வந்த அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். பெயர், முகவரியை மறைத்துவிட்டு உங்கள் நிருபருக்குக் காட்டத் தயார். கூடவே அவனுடைய எடைக் குறிப்பு அட்டையும் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன், ஒரு பாட்டி
திருச்சி